90 ரூபா ஷவர்மாவும் என்னோட ஒரு ஸ்டாரும்

இந்த வாரம் டேட்டாபேஸ் இண்டெக்ஸிங் ரெண்டாம் பாகம் வரும்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகுது, மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு ஒரு ஷவர்மா கடையைப் பத்திப் பேசப் போறேன். இது ஃபுட் ரிவ்யூ இல்லை. ஃபுட் ரிவ்யூக்களைப் பத்தின எபிசோட்.

கந்தன்சாவடியில எங்க ஆபீசுக்குப் பின்னாடித் தெருவுல ஒரு சின்னக் கடை இருக்கு. பேர் சொல்லலை, ஏன்னு கேட்கும்போது உங்களுக்கே புரியும். உட்கார இடம் கிடையாது, வாங்கிட்டுப் போயிட்டே இருக்கணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கம்பி சுத்த ஆரம்பிக்கும். சிக்கன் ரோல் 90 ரூபா, ஃபலாஃபல் ரோல் 80. ஓ.எம்.ஆர்ல இந்த விலைக்கு வயிறு நிறையறது பெரிய விஷயம். முதல் சம்பளம் வாங்குற பசங்க, பி.ஜி. ஹாஸ்டல் பொண்ணுங்க, டெலிவரி ஓட்டுறவங்கதான் அங்க அதிகம்.

போன மாசம் ரோலுக்காக நின்னுட்டிருந்தேன். கடைக்கார அண்ணன் என் கழுத்துல தொங்குற ஐடி கார்டைப் பார்த்துட்டு, "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் ஆளுதானே? இந்த ஒரு கமெண்ட்டை மட்டும் எப்படியாவது எடுக்க முடியுமா?"ன்னு போனை நீட்டினார். பார்த்தேன். ஒரு ஸ்டார். "சாப்பிட்டு ஃபுட் பாய்சன் ஆயிடுச்சு. யாரும் போகாதீங்க." கார்ட்டூன் படம் போட்ட ஒரு ப்ரொஃபைல்.

அது என்னோட ப்ரொஃபைல்.

"பார்க்கிறேன்ணா"ன்னு மட்டும் சொல்லிட்டு ரோலை வாங்கிட்டு வந்துட்டேன். அப்போ உண்மையைச் சொல்ல தைரியம் வரலை.

அந்த ரிவ்யூவை நான் எழுதினது 2024 நவம்பர்ல. அன்னைக்கு ரிலீஸ் நைட். ஏழரைக்கு சிக்கன் ரோல் வாங்கிட்டு மேல போனேன். போனதும் ஒரு கால், அப்புறம் இன்னொரு கால், நடுவுல ப்ரொடக்‌ஷன்ல ஒரு பிரச்சனை. ரோலைப் பிரிச்சப்போ மணி பதினொண்ணு தாண்டிடுச்சு. மறுநாள் காலையில ஆரம்பிச்சது, ரெண்டு நாள் லீவு. படுத்துக்கிட்டே அந்த ரெண்டு வரியைத் தட்டினேன். ஏழரையையும் பதினொண்ணையும் மட்டும் எழுதலை.

இப்போ அந்தக் கடைக்கு வந்த எல்லா ரிவ்யூவையும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து படிச்சேன். லாக் ஃபைல் படிக்கிற மாதிரிதான். எழுதினவன் என்ன சொல்றான்னு பார்க்கிறதை விட, என்ன நடந்திருக்கும்னு பார்த்தேன்.

ஒரு ஸ்டார்ல பாதி கடையைப் பத்தியே இல்லை. "மத்தியானம் போனேன், பூட்டியிருந்துச்சு." போர்டுலயே அஞ்சு மணின்னு எழுதியிருக்கு. "பார்க்கிங் இல்லை." 90 ரூபா கடையில பார்க்கிங் வேணுமாம்! ஆப்ல ஆர்டர் பண்ணவங்க, குப்பூஸ் ஊறிப்போச்சு, விலை ஜாஸ்தின்னு எழுதியிருக்காங்க. ஆப் கமிஷன் ஏத்தின விலைக்கும், முக்கால் மணி நேரம் பையில கிடந்ததுக்கும் திட்டு கடைக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இது: "ஃபலாஃபல்னு சொல்லி மசால் வடையை ரோல் பண்ணிக் குடுத்துட்டாங்க." விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் யோசிச்சா, அவர் சொன்னதுல பெரிய தப்பில்லை. நம்ம வடைக்குப் போடுற கடலைப்பருப்பும், ஃபலாஃபலுக்கு ஊற வைக்கிற வெள்ளைக் கொண்டைக்கடலையும் ஒரே செடியோட ரெண்டு ரகம்தான். ரெண்டையும் வேக வைக்காம, ஊற வச்சு அரைச்சுத்தான் எண்ணெய்ல போடுறாங்க. எகிப்துல இதையே வேற ஒரு பெரிய பயறுல பண்ணி தாமியான்னு சொல்றாங்க. ஒரு சைவக்காரர் வடை மாதிரி இருக்குன்னு எழுதினா அது புகாரா பாராட்டான்னு எனக்கு இன்னும் தெரியலை. மூணு ஸ்டார் போட்டிருந்தார்.

இன்னொரு ரிவ்யூ, ரெண்டு ஸ்டார்: "சிக்கன் வெட்டுற கத்தியாலேயே ஃபலாஃபல் ரோலையும் வெட்டுறாங்க. வெஜ் சாப்பிடுறவங்க கவனிங்க." இது நல்ல ரிவ்யூ. என்ன தப்பு, எங்க தப்பு, எப்படிச் சரி பண்றதுன்னு எல்லாமே ஒரு வரியில இருக்கு. ஒரு நல்ல பக் ரிப்போர்ட். இன்னைக்கு அந்தக் கடையில பச்சை டேப் சுத்தின ஒரு கத்தி தனியா தொங்குது. எப்போ வந்துச்சுன்னு கேட்டேன். யாரோ கமெண்ட்ல எழுதினாங்க தம்பி, அதுக்கப்புறம்தான்னார்.

இப்போ என்னைத் தூங்க விடாத விஷயத்துக்கு வர்றேன். 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசு பச்சை முட்டையில பண்ற மயோனைஸை ஒரு வருஷத்துக்குத் தடை பண்ணாங்க. முட்டையை வேக வைக்காததால சால்மோனெல்லா மாதிரி கிருமி அதுல இருக்கலாம், வெளியில வச்சா பெருகும். அதுக்கு முன்னாடியே கேரளாவும் தெலங்கானாவும் தடை போட்டிருந்தாங்க. 2022ல காசர்கோடு பக்கம் ஷவர்மா சாப்பிட்ட ஒரு மாணவி இறந்தாங்க, 2023ல நம்ம நாமக்கல்ல ஒரு பதினாலு வயசுப் பொண்ணு. இதெல்லாம் நமக்குத் தெரியும்.

அந்தத் தடைக்கு முன்னாடி இந்தக் கடைக்கு வந்த அஞ்சு ஸ்டார்களைப் பார்த்தீங்கன்னா, பெரும்பாலும் ஒரே பேச்சுதான். "மயோ வேற லெவல்." "வீட்டுல பண்ண மயோ மாதிரி." கடையிலேயே பச்சை முட்டையை அடிச்சுப் பண்ணது அது. தடை வந்ததும் அண்ணன் முட்டையில்லாத மயோனைஸுக்கு மாறிட்டார். உடனே ரெண்டு ஸ்டார், மூணு ஸ்டார்னு வந்துச்சு. "பழைய டேஸ்ட் போச்சு." "மயோ தண்ணியா இருக்கு, ஏமாத்துறாங்க." யோசிச்சுப் பாருங்க. ஆபத்து இருந்தப்போ ரேட்டிங் ஏறிச்சு, ஆபத்து குறைஞ்சதும் இறங்கிச்சு. நாக்குக்குக் கிருமி தெரியாது. அப்போ அந்த ஸ்டார் எதை அளந்துச்சு?

சரி, "ஃபுட் பாய்சன்"னு எழுதின என்னைப் போல ஆளுங்க அதை அளந்தோமான்னா, அதுவும் சந்தேகம்தான். நமக்கு வயிறு கெட்டா கடைசியா சாப்பிட்டது மேலதான் பழி. ஆனா சால்மோனெல்லா வேலையைக் காட்ட ஆறு மணி நேரத்துலேர்ந்து ஆறு நாள் வரைக்கும் ஆகலாம். ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சுன்னா அரை மணி நேரத்துலேர்ந்து எட்டு மணி நேரம். முந்தாநாள் சாப்பிட்ட பிரியாணியா இருக்கலாம், கேன்டீன் சட்னியா இருக்கலாம். இல்லை, அந்த ரோலாவே இருக்கலாம். அது வாங்கும்போதே கெட்டிருந்ததா, என் மேஜையில மூணரை மணி நேரம் கிடந்ததால கெட்டுச்சான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமி நல்லாப் பெருகும். என் மேஜை அந்த நடுவுலதான் இருந்துச்சு. கேரளாவுல ஷவர்மா பார்சல்ல தயாரிச்ச தேதி, நேரம் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள சாப்பிடணும்னு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி விதி வச்சது சும்மா இல்லை.

கணக்கு ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். 40 பேர் ரிவ்யூ போட்ட கடையோட சராசரி 4.5ன்னு வச்சுக்கோங்க. ஒரே ஒரு ஒரு ஸ்டார் வந்தா அது 4.4 ஆயிடும். 4,000 பேர் போட்ட பெரிய கடையில அதே ஒரு ஸ்டார் விழுந்ததே தெரியாது. சின்னக் கடைக்கு நம்ம கோபம் ரொம்ப கனம்.

அடுத்த திங்கட்கிழமை கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டேன். "அண்ணா, அந்த கமெண்ட் நான்தான் போட்டேன்"னு சொல்லிட்டேன். திட்டுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் கம்பியையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் கேட்டார்: "உடம்பு சரியில்லைன்னா ஏன் தம்பி அன்னைக்கே வந்து சொல்லலை? சொல்லியிருந்தா மிச்சமிருந்த மயோனைஸைக் கொட்டியிருப்பேனே. அன்னைக்கு சாயங்காலமும் அதே டப்பாதானே வச்சு வித்திருப்பேன்."

இது எனக்குத் தோணவே இல்லைங்க. என் ரிவ்யூ உண்மையாவே இருந்திருந்தாலும், அன்னைக்கு அங்க நின்ன யாருக்கும் அதனால ஒரு பிரயோஜனமும் இல்லை. கடைக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். கடை மேல நம்பிக்கை இல்லைன்னா உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்ல புகார் போட்டிருக்கலாம், ஆள் வந்து பார்த்திருப்பாங்க. நான் பண்ணது நடு ராத்திரி எரர் வந்ததும் யாருக்கும் அலர்ட் அனுப்பாம, "இந்த சர்வர் வேஸ்ட்"னு ஸ்டேட்டஸ் போட்ட மாதிரி.

ரிவ்யூவை அழிச்சிடறேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டார். "நடந்ததை எழுதுங்க, போதும்." அதனால மாத்தி எழுதியிருக்கேன். ஏழரைக்கு வாங்கினேன், பதினொண்ணு தாண்டி சாப்பிட்டேன், மறுநாள் உடம்பு முடியலை, காரணம் எனக்குத் தெரியாது. அப்போ மயோனைஸ் பச்சை முட்டையில பண்ணது, இப்போ முட்டை இல்லை. வெஜ்ஜுக்குத் தனிக் கத்தி இருக்கு. பார்சல் வாங்கினா உடனே சாப்பிடுங்க. ஸ்டார் எத்தனை போடறதுன்னுதான் குழப்பம். ஸ்டார் இல்லாம அந்த ஆப் விடாது. நாலு போட்டேன். அஞ்சாவதை ஏன் பிடிச்சு வச்சேன்னு கேட்டா, மயோனைஸ் நிஜமாவே கொஞ்சம் தண்ணிதான்.

அடுத்த வாரம் இண்டெக்ஸிங், கண்டிப்பா.