உன் வட்டில்ல என்ன இருந்துச்சு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழுப் பிரதிநிதி ஒருவர் ஆற்றிய உரை)



என்னை எங்க குழுவோட சாதனையைப் பத்திப் பேசச் சொன்னாங்க. சேமிப்பு எவ்வளவு, வங்கிக் கடன் எத்தனை தடவை, திருப்பிச் செலுத்தினது எப்படிங்கிற கணக்கெல்லாம் ஆண்டறிக்கையிலே இருக்கு. அதையே நான் மறுபடியும் படிச்சா நீங்க தூங்கிடுவீங்க. எங்க கூட்டத்துல தீர்மானப் புத்தகத்தைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் உண்டு. அதைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப் போறேன்.

எங்க கூட்டம் செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு, மாரியம்மன் கோயில் திண்ணையில. பகல்ல வெச்சா ஆள் வராது. ஒருத்தி நூறு நாள் வேலைக்குப் போயிருப்பா, ஒருத்தி மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிருப்பா. அதனால பிள்ளைங்களுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவி வெச்சுட்டு வருவோம். பன்னெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்து சேர மாட்டாங்க. வந்தவங்க சும்மா உட்கார்ந்திருக்கும்போது வாய் என்ன பேசும்? "உங்க வீட்ல இன்னிக்கு என்ன?" அப்படித்தான் ஆரம்பிச்சது. யாரும் திட்டம் போட்டு ஆரம்பிக்கலை. கை கழுவியும் போகாத புளி வாசனையோட வந்து உட்கார்ந்தவங்க பேசினது, நாளடைவில் ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. இப்போ பன்னெண்டு பேரும் வரிசையா சொல்லி முடிச்ச பிறகுதான் சந்தா வசூல்.

வெளியூர்க்காரங்களுக்கு இது வெட்டிப் பேச்சாத் தெரியும். ஆனா எங்க ஊர்ச் சமையல் அத்தனையும் நான் இந்தத் திண்ணையிலதான் கத்துக்கிட்டேன். நான் வாழ்க்கைப்பட்டு வந்தவ. எங்க அம்மா வீட்ல களி கிண்டுற பழக்கம் கிடையாது. இங்கே கேவுரு களி இல்லாத வீடு இல்லை. கொஞ்சம் நொய்யரிசியைக் குழைய வேக விட்டு, அதன் மேல கேவுரு மாவைக் குவியலாக் கொட்டி, நடுவுல துடுப்பால குழி பண்ணி, மூடி வெச்சு ஆவியில வேக விடணும். கொட்டின உடனே கிண்டினா கட்டி கட்டியாத்தான் வரும். அதைச் சொல்லிக் கொடுத்தது எங்க குழுவுல மூத்தவங்க. நாங்க எல்லாரும் அவங்களைப் பெரியாத்தான்னுதான் கூப்பிடுவோம். பானை ஆடாம இருக்க ரெண்டு கட்டையால அண்டக் கொடுக்கணும், துடுப்பை ரெண்டு கையாலும் பிடிக்கணும், களியை மெல்லாம முழுங்கணும்னு எல்லாத்துக்கும் அவங்ககிட்ட ஒரு சட்டம் இருக்கு.

களிக்கு என்ன தொட்டுக்கிறதுங்கிறதுலதான் சண்டையே வரும். கீரை கடைசல்னு ஒரு கட்சி. கொள்ளுக் குழம்புன்னு ஒரு கட்சி. தை மாசம் பனியில அவரைக்கொட்டை வந்துட்டா மட்டும் ரெண்டு கட்சியும் ஒண்ணாயிடும். அப்போ பிதுக்குப்பருப்பு தவிர வேற பேச்சே கிடையாது. ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் ஒவ்வொரு கொட்டையா விரலால பிதுக்கித் தோலை எடுத்து, தேங்காய் மசாலா அரைச்சு ஊத்தினா அந்தத் தெருவே மணக்கும். பிதுக்கிப் பிதுக்கி நகக்கண் வலிக்கும், அது வேற விஷயம். ஒரு வருஷம் இந்தப் பேச்சிலேயேதான், ஆளாளுக்குச் சந்தையில கால் கிலோ அரைக் கிலோ வாங்குறதை விட்டு, அறுவடை சமயத்துல மூட்டையா வாங்கிப் பங்கு பிரிச்சுக்கலாம்னு முடிவு பண்ணோம். இன்னிக்கும் துவரையும் கொள்ளும் அப்படித்தான் வாங்குறோம்.

ரேஷன் பேச்சும் வரும். விலையில்லாம வர்ற அரிசி, கிலோ 30 ரூபாய்க்கு வர்ற துவரம்பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்கு வர்ற பாமாயில், இதுங்க மூணும் இல்லாத ராத்திரிச் சாப்பாடு எங்க தெருவுல குறைவு. 2023ல நம்ம தருமபுரியிலயும் நீலகிரியிலயும்தான் முதல்முதலா ரேஷன்ல ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சாங்க. அந்த வாரம் திண்ணையில பெரியாத்தாவுக்கு ஒரே சிரிப்பு. "ஏழை தின்ற தீனின்னு ஒதுக்கினீங்க, இப்போ கவர்மெண்டே எடை போட்டுக் குடுக்குதா" என்றார். நூறு கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச் சத்து இருக்கு, அரிசியில 10 மில்லிகிராம் அளவுதான்னு எங்க கிராம சுகாதார செவிலியர் சொன்னதை நாங்க மனப்பாடமே பண்ணி வெச்சிருக்கோம்.

சரி, இப்போ நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

எங்க குழுவுல ஒரு அக்கா. இந்தக் கூட்டத்துலதான் உட்கார்ந்திருக்காங்க, எங்கேன்னு காட்ட மாட்டேன். அவங்ககிட்ட கேட்டுட்டு, அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன். சேமிப்புல ஒரு வாரம் விட்டது கிடையாது. கடன் தவணை சொன்ன தேதிக்கு வந்துடும். வங்கியில நம்மைத் தரம் பிரிக்கும்போது பஞ்ச சூத்திரம்னு அஞ்சு விஷயம் பார்ப்பாங்க இல்லையா? தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துறது, கணக்கு எழுதுறது. அந்த அஞ்சுலயும் அந்த அக்கா நூத்துக்கு நூறு. செவ்வாய்க்கிழமை அவங்க முறை வந்தா, "சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல்", "கீரை, ரசம்", "முட்டைக் குழம்பு" என்று நல்லாத்தான் சொல்லுவாங்க. ஆனா ஆள் நாளுக்கு நாள் வெளுத்துக்கிட்டே போனாங்க. கோயில் படி நாலே நாலுதான். அதை ஏறிட்டுத் தூணைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குவாங்க.

ஒருநாள் அவங்க "சாம்பார், பீன்ஸ் பொரியல்" என்றதும், அடுத்த ஆள் வாயைத் திறக்குறதுக்குள்ள பெரியாத்தா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆக்குனதைச் சொன்னே. உன் வட்டில்ல என்ன இருந்துச்சு?"

அந்த அக்கா பேசலை. பெரியாத்தாவும் விடலை. "கேக்குறேன் இல்ல? வீட்டுக்காரனுக்குப் போட்டே, புள்ளைக்குப் போட்டே, மாமியாருக்குப் போட்டே. அப்புறம்?"

"அடிச்சட்டியில தண்ணி ஊத்தி அலசி, சோத்துல ஊத்திக்கிட்டேன், ஆத்தா."

"எத்தனை நாளா?"

"அதென்ன நாள் கணக்கு. பாதி நாள் வடிகஞ்சிதான்."

விஷயம் என்னன்னா, பையனை ஐ.டி.ஐ.யில சேர்க்க வெளியில ஒரு தனியார் நிதி நிறுவனத்துல கடன் வாங்கியிருக்காங்க. வாராவாரம் திங்கட்கிழமை காலையில வசூலுக்கு ஆள் வந்துடும். அந்தத் தவணையும் கட்டணும், குழுத் தவணையும் தவறக் கூடாது. வீட்ல யார் வயித்தையும் குறைக்க முடியாது. குறைச்சா கேள்வி வரும். கேள்வி வராத வயிறு வீட்டுக்கு ஒண்ணுதான் இருக்கும். அதைத்தான் குறைச்சிருக்காங்க. எங்க பதிவேட்டுல அவங்க பேருக்கு நேரா 'தவணை நிலுவை இல்லை' என்றுதான் இருந்தது. அந்த எழுத்துல பொய்யே கிடையாது.

அன்னிக்கு ராத்திரி சந்தா வசூலிக்கவே இல்லை. சுத்தி வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் அதே கேள்வியைக் கேட்டோம். பன்னெண்டு பேர்ல அஞ்சு பேருக்குத்தான் தன் கையால ஆக்கின குழம்புல காய் கிடைச்சிருந்தது. மத்தவங்களுக்குக் கடன் கஷ்டம்கூட இல்லை. பழக்கம், அவ்வளவுதான். "நான் சாப்பிட உட்காரும்போது காய் இருக்காது" என்பதை "மழை பெய்யுது" என்கிற மாதிரி சாதாரணமாச் சொன்னாங்க.

எங்க குழுவுல ரெண்டு பேர் பள்ளிக்கூடத்துல முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்குச் சமைக்கிறாங்க. 2022 செப்டம்பர் 15 அன்னிக்கு மதுரையில தொடங்கின திட்டம். நம்ம குழுப் பெண்கள்தான் பல ஊர்லயும் அடுப்பு முன்னாடி நிக்கிறோம், உங்களுக்கே தெரியும். அதுல ஒருத்தி அன்னிக்குச் சொன்னா: "ஒரு குழந்தைக்கு 50 கிராம் ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்புன்னு தராசுல நிறுத்துத்தான் போடறேன் அக்கா. ஒரு பிள்ளைக்குக் குறைஞ்சாலும் மனசு கேக்காது. வீட்டுக்கு வந்து எனக்கு எவ்வளவுன்னு ஒருநாளும் நிறுத்துப் பார்க்கலை." அதைக் கேட்டு நாங்க சிரிக்கத்தான் செஞ்சோம். ஆனா ரொம்ப நேரம் சிரிக்க முடியலை.

அடுத்த வாரமே ரெண்டு தீர்மானம் போட்டோம். அந்த அக்காவுக்கு உள்கடன் கொடுத்து, வெளிக்கடனை மொத்தமாக் கட்டி முடிக்க வெச்சோம். எங்க உள்கடன் வட்டி நூத்துக்கு மாசம் ஒரு ரூபா. மூணு மாசம் வட்டி மட்டும் கட்டினால் போதும், அசல் அப்புறம் என்று எழுதினோம். இதுக்குச் சில பேர் முகம் சுளிச்சாங்க, மறைக்க வேண்டியதில்லை. "நாளைக்கு எல்லாரும் பட்டினின்னு சொல்லிட்டு வருவாங்க" என்று ஒரு பேச்சு வந்தது. இதுவரைக்கும் அப்படிச் சொல்லிக்கிட்டு யாரும் வரலை. பசியைப் பொய்யாச் சொல்ற பொம்பளையை நான் பார்த்ததில்லை. இல்லைன்னு பொய் சொல்றவங்களைத்தான் பார்த்திருக்கேன்.

ரெண்டாவது தீர்மானம், எல்லாரும் ஆரம்ப சுகாதார நிலையம் போய் ரத்தம் பார்க்கணும்னு. பெண்களுக்கு ரத்தத்துல ஹீமோகுளோபின் 12 இருக்கணும். அந்த அக்காவுக்கு ஏழரை. மத்தவங்கள்லயும் பாதிக்கு மேல பத்து, பத்தரைதான். தேசிய குடும்ப நல ஆய்வுன்னு ஒண்ணு எடுக்குறாங்க. 2019-21ல எடுத்ததுல தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தப் பந்தல்ல ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருந்தா, அதுல ஒருத்தருக்கு இருக்கும்னு வெச்சுக்கங்க. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க, பூச்சி மாத்திரை கொடுத்தாங்க. மாத்திரை போட்ட கையோடயும் சாப்பிட்ட கையோடயும் டீ குடிக்காதீங்க, சத்து உடம்புல சேராது, எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கிட்டா நல்லாச் சேரும்னு செவிலியர் சொன்னார். டீயை விடுறதுதான் எங்களுக்குப் பெரிய கஷ்டமா இருந்தது. இப்போ ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கிறோம். பெரியாத்தா மட்டும் விடலை. "எனக்கு எழுபது ஆச்சு, போங்கடி" என்கிறார்.

இதெல்லாம் எழுத்துல போடாத ஒரு ஏற்பாடும் செஞ்சோம். குழம்பு இறக்கினதும், யாருக்கும் பரிமாறுறதுக்கு முன்னாடி, ஒரு கிண்ணத்துல காயோட நமக்குன்னு எடுத்து மூடி வெச்சிடணும். கேட்க லேசா இருக்கு. செஞ்சு பார்த்தாத்தான் தெரியும். முதல் நாள் என் கையே கூசுச்சு. சின்ன வயசுக்காரி ஒருத்தி மாமியார் கண்ணுல பட்டுட்டா. "ஆக்கினவளே முன்னாடி எடுத்து வெச்சுக்கிறது எந்த ஊர்ப் பழக்கம்?" என்று மாமியார் கேட்டிருக்கார். இவ சொல்லியிருக்கா: "நான் என்னத்தை பண்றது அத்தை, செவ்வாய்க்கிழமை குழுவுல கேப்பாங்க. பதில் சொல்லலைன்னா பெரியாத்தா திட்டும்." அந்த ஒரு பதில் எங்க எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. இப்போ பன்னெண்டு வீட்லயும் அதைத்தான் சொல்றோம். குழுவுக்கு பயந்தவங்க மாதிரி நடிக்கிறோம். அந்த மாமியார் இப்போ தனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்றாராம்.

என் வீட்டுக்காரர் ஆரம்பத்துல, "வீட்டுச் சோத்தைக் கொண்டுபோய்க் கோயில் திண்ணையில பேசணுமா?" என்று கோபப்பட்டார். நான் பதில் சொல்லலை. மறுநாள் ராத்திரி அவருக்குப் போட்ட தட்டையும் எனக்குன்னு மிச்சம் இருந்ததையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். பார்த்தார். அப்புறம் அதைப் பத்திப் பேசலை. கோபம் போச்சான்னு கேட்டா, முழுசாப் போகலை.

அந்த அக்காவுக்கு எட்டு மாசத்துல பத்துக்கு மேல ஏறியிருக்கு. இன்னும் பன்னெண்டு வரலை. பையன் ஐ.டி.ஐ. கடைசி வருஷம். அசல் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

நம்ம தருமபுரி மாவட்டம் சாதாரண மாவட்டம் இல்லை. 1989ல சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில, தமிழ்நாட்டுலேயே முதல்முதலா மகளிர் சுய உதவிக் குழுக்களை அரசு இங்கேதான் தொடங்கினது. நம்ம அம்மாங்க அஞ்சு ரூபாயும் பத்து ரூபாயும் போட்டு ஆரம்பிச்சாங்க. அதனால இந்த மேடையில உரிமையோட ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். எங்க வழக்கத்தைக் கேள்விப்பட்டு, "நல்லா இருக்கே, பதிவேட்டுல இதுக்கு ஒரு கலம் போட்டு எல்லாக் குழுவும் நிரப்பச் சொல்லலாமே" என்று ஒருத்தர் ஆலோசனை சொன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். ஆனா தயவுசெய்து வேண்டாம். கலம் போட்டா எல்லாரும் 'சாதம், சாம்பார், பொரியல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுடுவோம். வருஷம் முழுக்க எந்தக் குறையும் இருக்காது. பெரியாத்தா காகிதத்தைப் பார்த்துக் கேட்கலை, அந்த அக்கா முகத்தைப் பார்த்துக் கேட்டார். விருப்பப்படுற குழு அவங்கவங்க திண்ணையில கேட்டுப் பாருங்க. முதல் மூணு நாலு வாரம் எல்லாரும் பெருமைக்குத்தான் சொல்லுவாங்க. எங்க குழுவுல ஒருத்தி தொடர்ந்து மூணு வாரம் பிரியாணி என்றாள். பொறுமையா இருங்க.

பந்தலுக்குப் பின்னாடி அடுப்புல இருந்து வாசனை வர ஆரம்பிச்சிடுச்சு, இனிமே நான் என்ன பேசினாலும் யாருக்கும் காதுல ஏறாது. இன்னிக்குச் சமைக்கிறது எங்க குழுதான். கேவுரு களி, கீரை கடைசல், பிதுக்குப்பருப்புக் குழம்பு. பரிமாறுறவங்களுக்குத் தனியா ஒரு பாத்திரத்துல எடுத்து மூடி வெச்சாச்சு, அதனால நீங்க தயங்காம கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க. களி கிண்டுற விதம் கேட்கணும்னா பெரியாத்தாகிட்ட போங்க, நீலப் புடவை, துடுப்புக்குப் பக்கத்துல நிப்பாங்க.