ரயில் கடியாரத்துக்கு பாலிஷ் போடாதீங்க

(ஒலிப்பதிவைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

பள்ளத்தூரிலிருந்து பேசுகிறேன். பழைய பொருள் சேர்க்கிறவர்களுக்கான இந்த வரிசையில் இன்றைக்கு ரயில்வே கடியாரம்.

மதுரையிலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "ஒரு பாக்கெட் வாட்ச் விலைக்கு வந்திருக்கு. பின்மூடியில ரயில் எஞ்சின் படம் இருக்கு. ரயில்வே அங்கீகாரம் பெற்றதுன்னு சொல்றாங்க. ஆனா இணையத்துல தேடினா ரயில்வே வாட்சுக்கு 17 ஜுவல் இருக்கணும்னு போட்டிருக்கு. இதுல ஏழுதான் இருக்கு. வாங்கலாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். எஞ்சின் படத்துக்காக வாங்க வேண்டாம். ஏழு ஜுவல்தான் என்று ஒதுக்கவும் வேண்டாம். ரெண்டுக்கும் காரணம் இருக்கு.

அந்த 17 ஜுவல் கணக்கு அமெரிக்காவில் பிறந்தது. 1891 ஏப்ரல் மாதம், ஒஹையோ மாநிலத்தில் கிப்டன் என்ற ஊர் பக்கம் ரெண்டு ரயில் நேருக்கு நேர் மோதின. ஒரு ஊழியருடைய கடியாரம் நாலு நிமிஷம் நின்று, பிறகு தானாக ஓடியதுதான் காரணம் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு வெப் பால் என்கிற கிளீவ்லாந்து நகைக்கடைக்காரரைக் கூப்பிட்டு, ஊழியர்கள் எந்தக் கடியாரம் வைத்துக்கொள்ளலாம் என்று விதி எழுதச் சொன்னார்கள். 1893 வாக்கில் அந்த விதிகள் வந்தன. டயலில் மூடி இருக்கக்கூடாது, எண்கள் கறுப்பாகத் தெளிவாக இருக்கணும், குறைந்தது 17 ஜுவல், ஐந்து நிலைகளில் வைத்துச் சரிபார்த்திருக்கணும், வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக்கூடாது. ஹாமில்டன், வால்தாம், எல்ஜின் என்று சேகரிப்பவர்கள் தேடுகிற பெயர்கள் எல்லாம் இந்த விதிக்குள் வந்தவைதான்.

ஏன் இவ்வளவு கறார்? அங்கே பல ஒற்றைத் தடங்களில் எந்த ரயில் எந்த ஸ்டேஷனில் எத்தனை மணி வரை ஒதுங்கி நிற்கணும் என்பதை அட்டவணையும் கடியாரமும்தான் முடிவு செய்தன. கடியாரம் பிசகினால் எதிரே ரயில். அங்கே கடியாரம் உயிர்காக்கிற கருவி.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. 1930 வாக்கில் திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை என்று மீட்டர் கேஜ் பாதை வந்தது. அதுவும் ஒற்றைத் தடம்தான். ஆனால் இங்கே உயிரைக் காப்பாற்றியது கடியாரம் இல்லை, ஒரு இரும்புப் பந்து! டோக்கன் பந்து. ஓடுகிற ரயிலிலிருந்து ஒருத்தர் கையை நீட்டி, பிளாட்பாரத்தில் நிற்கிறவர் தூக்கிப் பிடித்த பெரிய வளையத்தைத் தோளில் மாட்டி வாங்குவாரே, என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வளையத்தில் தொங்கும் பைக்குள் இருப்பதுதான் பந்து. அடுத்தடுத்த ரெண்டு ஸ்டேஷனின் டோக்கன் கருவிகளும் கம்பி வழியாக இணைந்தவை. ஒரு நேரத்தில் ஒரு பந்துதான் வெளியே வரும். பந்து கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. கார்டு கடியாரம் பத்து நிமிஷம் பின்னால் ஓடினால் கணக்கு குழம்பும். மோதல் வராது.

அப்ப நம்ம ரயில்காரருக்கு கடியாரம் எதுக்கு? கணக்குக்கு. எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே எத்தனை நிமிஷம் தாமதம் என்று கார்டு எழுதியாகணும். தாமதத்துக்கு ஸ்டேஷன் பொறுப்பா, எஞ்சின் பொறுப்பா என்ற வழக்கு அந்த எழுத்தை வைத்துத்தான் நடக்கும். அதனால் இங்கே முக்கியம் விநாடிச் சுத்தம் இல்லை. எல்லார் கையிலும் ஒரே நேரம் இருக்கணும், அதுதான்.

அதற்கும் விதி இருக்கு. இந்திய ரயில்வேயின் பொது விதிப் புத்தகத்தில், தினமும் மாலை 4 மணிக்கு முக்கிய ஸ்டேஷன்களுக்கெல்லாம் சரியான நேரம் அனுப்பப்படணும் என்று இருக்கு. வண்டி புறப்படும் முன், கார்டு தன் கடியாரத்தை ஸ்டேஷன் கடியாரத்தோடு ஒத்து வைக்கணும். பிறகு அந்த நேரத்தை டிரைவருக்குச் சொல்லணும், அவர் தன் கடியாரத்தைத் திருப்பி வைக்கணும். தினம் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுச் சரிசெய்கிற இடத்தில், வாரத்துக்கு 30 விநாடி என்ற கறார் எதற்கு?

அதனால்தான் நம்ம பக்கம் கிடைக்கிற ரயில் கடியாரங்கள் எளிமையானவை. பம்பாய், கல்கத்தா பெயர் போட்ட வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி சுவிஸ் கடியாரங்கள், ஃபேவர் லூபா, அப்புறம் ராஸ்கோப். ஜார்ஜ் பிரெடெரிக் ராஸ்கோப் என்பவர் 1867 வாக்கில் கூலித் தொழிலாளியும் வாங்குகிற விலையில் இருக்கணும் என்றே செய்த அமைப்பு அது. உள்ளே கல்லுக்குப் பதில் சாதாரண எஃகு ஊசிகள். காதில் வைத்தால் 'டக் டக்' என்று கனமாக அடிக்கும். அதே அமைப்பைப் பலரும் மலிவாகச் செய்து, டயலில் 'ரெயில்வே ரெகுலேட்டர்' என்று அச்சடித்து, ரயிலோடு சம்பந்தமே இல்லாதவர்களுக்கும் விற்றார்கள். எஞ்சின் படமும் அப்படித்தான், அழகுக்குப் போட்டது.

நிஜமாக ரயிலில் ஓடினதா என்று எதை வைத்துச் சொல்வது? பின்மூடியில் வெட்டிய எழுத்தும் எண்ணும். நம்ம பாதையை முதலில் நடத்தியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 1951 ஏப்ரல் 14ஆம் தேதிதான் மூன்று ரயில்வேக்களைச் சேர்த்து தெற்கு ரயில்வே ஆனது. ஆக, கம்பெனி எழுத்து இருந்தால் 1951க்கு முந்தையது. மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஊசியால் கீறின சின்னச் சின்ன எழுத்துகள் இருக்கும். ஒவ்வொரு தடவை பழுது பார்த்தபோதும் கடியாரக்காரர் வைத்த அடையாளம். அந்தக் கீறல்தான் கடியாரத்தின் ஜாதகம்.

இதெல்லாம் தெரிந்த பிறகு பேசுகிறேன். தெரியாதபோது என்ன செய்தேன் என்பதையும் சொல்லணும்.

என் முதல் ரயில் கடியாரம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கினது. கதவு, தூண், பித்தளைப் பானை நடுவில் ஒரு தட்டில் கிடந்தது. நிக்கல் கேஸ், கறுத்துப் போயிருந்தது. பின்மூடியில் எழுத்து மாதிரி ஏதோ தட்டுப்பட்டது, அழுக்கு என்று நினைத்தேன். நேரே ஒரு பாலிஷ் பட்டறையில் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். எனக்கு ரொம்பப் பெருமை.

ரெண்டு வருஷம் கழித்து, நம்ம ஊரிலேயே ஒரு பெரியவர் கேள்விப்பட்டு வந்தார். அவர் அப்பா மீட்டர் கேஜ் காலத்து கார்டு. ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கின சாமான் பட்டியல்: கைவிளக்கு, சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, விசில், தண்டவாளத்தில் வைக்கிற டெட்டனேட்டர், கடியாரம். கடியாரத்துக்கு எதிரே எண்.

"தம்பி, அப்பா வேலையை விட்டு வரும்போது அதைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. எங்கயாச்சும் ஏலத்துல போயிருக்கும். உங்க கடியாரத்துல என்ன நம்பர்?"

எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. என் முகமும் அவர் முகமும்தான் தெரிந்தது.

"ஐயா, இதுவாக இருந்தாலும் இருக்கும். நீங்களே வச்சுக்கங்க" என்றேன்.

"அப்பா கடியாரம்னா இப்பவே எடுத்துக்குவேன். தெரியாததை எடுத்துட்டுப் போய் என்ன தம்பி பண்றது?" என்று என் கையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அதனால் நேயருக்கும் மற்றவர்களுக்கும் சொல்வது இதுதான். கடியாரம் கைக்கு வந்ததும் முதல் வேலை, நாலு பக்கமும் போட்டோ. மூடியைத் தெரிந்த கடியாரக்காரரிடம் கொடுத்துத் திறந்து, உள்பக்கத்தையும் எடுத்து வையுங்கள். துடைக்க மெல்லிய துணி போதும். எனாமல் டயலில் மயிரிழை விரிசல் இருந்தால் இருக்கட்டும், புது டயல் எழுத வேண்டாம். இருட்டில் மினுங்கும் பழைய டயலாக இருந்தால் சுரண்டவே கூடாது, அந்தக் காலத்து ரேடியமாக இருக்கலாம். விற்கிறவரிடம் விலைக்கு முன்னால், யாருடையது, எந்த ஸ்டேஷன், எந்தப் பாதை என்று கேளுங்கள். சொன்னதைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி கடியாரத்தோடு வையுங்கள். எண் இல்லை, எழுத்து இல்லை, எஞ்சின் படம் மட்டும்தான் என்றால், சாதாரண பழைய கடியாரத்துக்கு உள்ள விலையைத்தான் கொடுக்கணும்.

என் பளபளக்கிற கடியாரம் இன்னும் ஓடுகிறது. அந்தப் பெரியவரிடம் கேட்டு, அவர் அப்பா நோட்டில் இருந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். அந்த எண்ணோடு ஒரு கடியாரம் யார் கண்ணிலாவது படட்டும் என்று, பழைய சாமான் கடைக்குப் போகும்போதெல்லாம் பின்மூடியைத் திருப்பிப் பார்க்கிறேன்.

உங்க வீட்டுப் பெட்டியில், பரணில் ஏதாவது கிடந்தால் துடைப்பதற்கு முன் பாருங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.