ஆழ்கடலுக்கு ஆள் சேர்த்தல்
(கடலோரப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நடவுக்கு ஆள் சேர்ப்பது நமக்குப் பழக்கமான காரியம். வந்தவருக்கு வேலை ஒத்துவராவிடில் மறுநாள் வேறொருவரை அழைத்துக்கொள்கிறோம். நடுக்கடலில் மாற்றாள் கிடையாது. ஆகவே ஆழ்கடல் படகுக்கு ஆள் தேடுமுன், அங்குள்ள வாழ்வு எத்தகையது என்பதை நாம் அறிதல் வேண்டும்.

பாக் நீரிணையின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் படகுகள் வழங்கும் திட்டம் 2017-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அப்போது ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய் என மதிப்பிடப்பட்டது. அதில் 50 விழுக்காட்டை மத்திய அரசும் 20 விழுக்காட்டை மாநில அரசும் மானியமாக ஏற்றன. மானியத்தால் படகைப் பெறலாம். அதற்கேற்ற மனிதரைப் பெற இயலுமா?

இராமேசுவரத்து இழுவைப் படகு இன்று புறப்பட்டால் நாளை கரை சேரும். சூரை மீன் தேடும் ஆழ்கடல் படகோ வாரக்கணக்கில் கடலிலேயே இருக்கும். தூண்டில்களுக்கு இரை கோத்து நீண்ட கயிற்றை விடவே பல மணி நேரம் ஆகும். அதை மீட்கவும் அவ்வாறே. பிடிபட்ட மீனை உடனே குடல் நீக்கிப் பனிக்கட்டியில் இடாவிடில் விலை வீழ்ந்துவிடும். உறக்கம் முறை வைத்துத்தான்; குடிநீர் அளந்துதான். இவ்வாழ்வுக்கு உடல் வலிமை மட்டும் போதாது. பொறுமையும், குறுகிய இடத்தில் பிறரோடு இணங்கி வாழும் குணமும், நோயுற்றால் மறைக்காமல் உரைக்கும் நேர்மையும் வேண்டும். மூன்றாம் நாளில் ஒருவர் நோயுற்றுப் படுத்தால், படகைத் திருப்பினால் டீசலும் பனிக்கட்டியும் வீண். திருப்பாவிடில் அவர் உயிருக்கே ஆபத்து.

குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதியினர் ஆழ்கடல் தொழிலில் பேர் பெற்றவர்கள். அங்கே இளைஞர்கள் மூத்தோருடன் சென்றே தொழில் பழகுகின்றனர். நாமும் முதற் பயணத்தைக் குறுகியதாக வைத்து, அனுபவமுள்ள ஒருவரை உடன் அனுப்புதல் நலம்.

ஆளைச் சேர்க்கும்போது அவர் இல்லத்தாரிடமும் உண்மையைச் சொல்லுவோம். எத்தனை நாள் பயணம், செலவு போகப் பங்கு எவ்வாறு பிரியும், மீன் கிடைக்காவிடில் என்ன நேரும் என்பவற்றை அவர்களும் அறியட்டும். முன்பணம் கொடுத்து ஒருவரைக் கட்டிப்போடுவது ஆள் சேர்ப்பு ஆகாது. கடனுக்காகக் கடலேறியவர் மனம் கரையிலேயே இருக்கும்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலை நாம் மறக்கலாகாது. கடலில் எவர் எவர் இருந்தனர் என்ற கணக்கே உடனே தெளிவாகவில்லை. எத்தனையோ இல்லங்கள் செய்தியின்றித் தவித்தன. படகின் பெயர், செல்வோர் பெயர், புறப்பட்ட நாள், திரும்பும் நாள் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பது பஞ்சாயத்துக்குக் கடினமான வேலையன்று. ஒரு குறிப்பேடும் ஒரு பொறுப்பாளரும் போதும்.

ஆளை அறிந்து சேர்ப்போம், அனுப்பியவரை மறவாதிருப்போம். அப்போதுதான் புதிய படகு நம் ஊருக்கு வாழ்வளிக்கும்.