"நிறையப் பேர்" என்பது கணக்கல்ல!

(மஹல்லா இளைஞர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கக் கோரி ஒருமுறை மனுக் கொடுக்கப் போனோம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அதில் பெண் பிள்ளைகள் எத்தனை?" என்றார். "நிறையப் பேர் ஐயா" என்றோம். "நிறைய என்பது கணக்கல்ல, எண்ணிக்கையோடு வாருங்கள்" என்று மனுவைத் திருப்பித் தந்துவிட்டார்.

வீடு வீடாகச் சென்று எழுதினோம். நோட்டுகள் நிரம்பின. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் முதல் பக்கத்திலிருந்து விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது. அப்போதுதான் ஸ்ப்ரெட்ஷீட் கற்க உட்கார்ந்தேன். "ஓதியவருக்குக் கம்ப்யூட்டர் எதற்கு?" என்று சிலர் சிரித்தார்கள். மதரஸாவில் பாகப்பிரிவினைக் கணக்குப் போட்டவனுக்கு ஆறிலொன்றும் எட்டிலொன்றும் புதிதா? கட்டம்தான் புதிது!

வணிகர்களே, இது உங்களுக்காகவே பிறந்த பொருள். ஒரு எண்ணைத் திருத்தினால் மற்ற எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டிய தொல்லையைக் கண்ட வணிகக் கல்வி மாணவர் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து 1979இல் 'விசிகால்க்'கை வெளியிட்டார். எக்ஸெல் பின்னால் வந்தது. காசு கொடுக்க முடியாதவர்களுக்கு 'லிப்ரே ஆபீஸ் கால்க்' இலவசம்.

நான் இடறி விழுந்து கற்ற பாடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: ஆளுக்கு ஒரு வரி, விவரத்துக்கு ஒரு பத்தி. வயதையும் வகுப்பையும் ஒரே கட்டத்தில் திணிக்காதீர்கள்.

இரண்டு: ஒரே விடையை ஒரே மாதிரி எழுதுங்கள். 'பிளஸ் டூ', '12', 'பன்னிரண்டாவது' என்று எழுதினால் இயந்திரம் அதை மூன்றாகவே எண்ணும். 'டேட்டா வேலிடேஷன்' மூலம் விடைப் பட்டியலை முன்பே கொடுத்துவிடலாம்.

மூன்று: தெரியாத இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள், வெறுமையாக விடுங்கள். சராசரி பார்க்கும்போது பூஜ்யம் கணக்கில் சேரும், வெற்றுக் கட்டம் சேராது.

இப்படி எழுதிவிட்டால் 'கவுண்ட்இஃப்ஸ்' என்ற ஒரே சூத்திரம், படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையை நொடியில் சொல்லும். 'பிவோட் டேபிள்' தெருவாரியாகப் பிரித்துக் காட்டும்.

நான்கு: வந்த விடையைக் கண்மூடி நம்பாதீர்கள். என் முதல் கூட்டலில் கடைசித் தெரு முழுவதும் விடுபட்டுப் போனது! 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. பழைய வகை எக்ஸெல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை என்பதே காரணம். வரிகளின் எண்ணிக்கையை நோட்டோடு ஒப்பிட்ட பிறகே அறிக்கை எழுதுங்கள்.

ஐந்து: மக்கள் சொன்னது அமானிதம். வெளியே போகும் அறிக்கையில் எண்கள் மட்டும் இருக்கட்டும். பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டாம்.

எங்கே தொடங்குவது? உங்கள் கடையின் ஒரு மாதப் பற்று வரவை எடுங்கள். இஷாவுக்குப் பின் தினம் அரைமணி நேரம் அமருங்கள். சொந்தக் கணக்கில் பிழை வந்தால் உடனே தெரிந்துவிடும்; அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

மறுமுறை ஒரே பக்க அறிக்கையோடு அதே அலுவலகம் போனோம். இம்முறை மனு திரும்பி வரவில்லை. இளைஞர்களே, அடுத்த மனுவுக்கு எண்களைத் தரப்போவது நீங்கள்தான்.