நாற்பது பக்க நோட்டு

நேயர்களே, விருத்தாசலம் என்றால் பலருக்கு ரயில்வே ஜங்ஷன் நினைவுக்கு வரும், சிலருக்குப் பழமலைநாதர் கோயில். எனக்குப் பீங்கான்தான். உங்கள் வீட்டு மெயின் பெட்டிக்குள் வெள்ளையாக ஒரு ஃபியூஸ் கேரியர் இருக்கிறதா? எங்கள் ஊர்ச் சூளையில் வெந்து வந்ததாக இருக்கலாம். ஷோகேஸில் நிற்கும் குட்டி யானைக்கும் அதே ஊராக இருக்கலாம். அந்த யானையை அச்சிலிருந்து ஈரமாக எடுத்து, பிசிறு எடுத்து, கிளேஸில் முக்கி அடுக்குகிற கைகள் பல பெண்களுடையவை.

அப்படிப்பட்ட சிலரோடு சாயங்காலங்களில் உட்கார்ந்து எழுதுவதுதான் என் வேலை. அ, ஆ சொல்லிக்கொடுப்பது இல்லை, அதை அவர்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள். ஐந்தாவதோடு நின்றவர்கள் உண்டு, எட்டாவது வரை போனவர்கள் உண்டு. தன் கதையைத் தானே எழுதி, நாலு பேர் முன்னால் தானே படிக்க வேண்டும். இன்று பேசப்போவது அதைப் பற்றி.

“உங்க வாழ்க்கைய எழுதுங்க” என்று சொல்லிப் பாருங்கள், பேனா நகராது. நகர்ந்தாலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எந்தக் காலத்திலோ பள்ளிக்கூடத்தில் எழுதிய ‘மரம் வளர்ப்போம்’ கட்டுரை திரும்பி வந்து நிற்கும். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். அந்தக் கையிலிருக்கும் தழும்பு எப்படி வந்தது? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்?

இந்த முதல் சம்பளக் கேள்விக்கு ஒரு அம்மா மூன்றே வரி எழுதினார். கம்பெனியில் சம்பளம் கொடுத்தார்கள், காராசேவு வாங்கினேன், மிச்சத்தை அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நோட்டை மூடிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. “வீட்டுக்கு எடுத்துட்டுப் போனியா?” இல்லையாம். “அப்பறம் எங்க ஒக்காந்து தின்ன?” பஸ் ஸ்டாண்டில். “தம்பி தங்கச்சிக்கு?” கொடுக்கவில்லை. கூட்டத்தில் ஒரே சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் இன்னொருவர் கேட்டார்: “அந்தப் பொட்டலக் காயிதத்த என்ன பண்ண?”

அடுத்த வாரம் அந்த அம்மா ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். எண்ணெய்க் கறை பட்ட காகிதத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு நடந்தது, வாசம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று வாய்க்காலில் கை கழுவியது, அன்று ராத்திரி சோறு வேண்டாம் என்றதும் அவருடைய அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. காய்ச்சல் என்று நினைத்துவிட்டாராம். மூன்று வரிக்குள் இவ்வளவும் ஒளிந்திருந்தது. வெளியே இழுத்தது நான் இல்லை நேயர்களே, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் வாய்தான். அதனால் எங்கள் வகுப்பில் “நல்லா இருக்கு” என்று சொல்லக் கூடாது. புத்திமதி கூடவே கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். நம் ஊர்ப் பெண்களுக்கு அதைத் தனியாகக் கற்றுக்கொடுக்கவும் வேண்டியதில்லை, பாருங்கள்.

இப்படித் தன் கதையைத் தானே எழுதிய பேபி ஹால்தார் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மேற்கு வங்கத்தில் வளர்ந்தவர். 12 வயதில் கல்யாணம். அடி பொறுக்க முடியாமல் ஒருநாள் மூன்று பிள்ளைகளோடு டெல்லிக்கு ரயிலேறி, வீட்டுவேலை செய்து பிழைத்தார். குர்கானில் அவர் வேலை பார்த்த வீட்டுக்காரர் பிரபோத் குமார், ஓய்வு பெற்ற மானிடவியல் பேராசிரியர், இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது இந்தப் பெண்ணின் கை அங்கேயே நின்றுவிடுவதைக் கவனித்தார். வங்கதேச எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரினின் இளமைக்கால நினைவுகளைப் படிக்கக் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்து, உன் கதையை எழுது என்றார். வேலை முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு பேபி வங்க மொழியில் எழுதினார். பேராசிரியர் அதை நண்பர்களுக்குப் படித்துக்காட்டி, இந்தியில் மொழிபெயர்த்தார். ‘ஆலோ ஆந்தாரி’ 2002-இல் புத்தகமாக வந்தது. 2006-இல் ஊர்வசி புட்டாலியா அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். நான் இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது ஒருவர் கேட்டது: “எழுதுற அன்னிக்குப் பாத்திரம் யாரு வெளக்கனது?” நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

எங்கள் பக்கம் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லை. ‘செல்லாத பணம்’ நாவலுக்கு 2020-இன் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இமையம் இந்த வட்டாரத்துக்காரர். மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன் அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். பணிமனை வாழ்க்கையை ‘நெடுஞ்சாலை’ என்று நாவலாக்கினார். போதாதென்று இந்த மண்ணின் பேச்சைத் திரட்டி ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யும் போட்டார். ஊர்ப்பேச்சில் எழுதியதை யாராவது தப்பு என்றால், அந்த அகராதியை மேசையில் எடுத்து வைத்துவிடுகிறேன். வேறு வாதம் தேவைப்படுவதில்லை.

1990-களின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தையும் விரிவாகச் சொல்ல ஆசைதான், நேரம் இடம் கொடுக்காது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இயக்கத்தில் உழைத்த ச. தமிழ்ச்செல்வன் தம் அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்று எழுதினார். கற்றுக்கொடுத்தவர் எழுதிய புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. கற்றுக்கொண்ட அம்மாக்கள் எழுதியது எதுவும் இன்னும் என் கைக்குக் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்கள், பஸ் போர்டு படித்தார்கள், மனு எழுதினார்கள். அதற்கு அடுத்த பக்கத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எழுதியதையெல்லாம் படித்துக்காட்ட வேண்டுமா? வேண்டாம். மாமியாரைப் பற்றி எழுதியவர், மாமியாரோடுதானே குடியிருக்கிறார்! எங்கள் வகுப்பில் பக்கத்தின் ஓரத்தை மடித்துவிட்டால் அதை யாரும் திறப்பதில்லை, நான் உட்பட. மடித்ததைப் பல மாதம் கழித்து அவரே பிரித்துப் படித்ததும் உண்டு, கிழித்து அடுப்பில் போட்டதும் உண்டு. இரண்டுக்கும் நான் ஒன்றும் சொன்னதில்லை.

அதோ, ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நோட்டில் தேதி போடுவது, ஆளுக்கொரு பக்கம் சேர்த்து ஜெராக்ஸ் போட்டுச் சின்னப் புத்தகமாகத் தைப்பது, இவற்றை இன்னொரு நாள் சொல்கிறேன். இப்போதைக்கு, கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள், பேச்சைத் திருத்தாதீர்கள், மடித்ததைத் திறக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு அத்தையோ சித்தியோ இருப்பார். இந்த வாரம் கடையில் ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்களேன். அவர் எழுதி முடிக்கும்வரை பாத்திரம் நீங்கள் விளக்கினால் ரொம்ப நல்லது.