தேர்வுத் தோல்விக்குப் பின் செவிலியர் கல்வி
(உரையின் வாசகம்)

ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திற்குச் செல்லும் சாலை பிரிகின்ற ஊர் சூளூர்பேட்டை. முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் இப்பகுதியில், இன்டர்மீடியட் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பல குடும்பங்களில் ஒரே கேள்வி எழுகிறது: இயற்பியலில் தவறிவிட்ட மகளுக்கு இனி என்ன வழி?

மருத்துவராக எண்ணி பை.பி.சி. பிரிவில் சேர்ந்த மாணவி ஒருத்தி ஒரு பாடத்தில் தவறினால், வீட்டில் மூன்று யோசனைகள் கூறப்படுகின்றன. ஓராண்டில் சான்றிதழ் தரும் ஏதேனும் ஒரு பயிற்சியில் சேர்ப்பது ஒன்று. மணம் முடித்து வைப்பது மற்றொன்று. மீண்டும் தேர்வு எழுதச் செய்வது மூன்றாவது. முதல் இரண்டும் எளிதாகத் தோன்றுபவை. மூன்றாவதே அவளுடைய முப்பதாண்டு உழைப்பு வாழ்வைத் தீர்மானிக்கக்கூடியது.

செவிலியர் கல்வியின் படிகள்

இந்தியாவில் முறையான செவிலியர் கல்வி மூன்று படிகளில் அமைந்துள்ளது. ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் பயிற்சி 2 ஆண்டுகள், ஜி.என்.எம். பட்டயம் 3 ஆண்டுகள், பி.எஸ்.சி. நர்சிங் பட்டம் 4 ஆண்டுகள். பன்னிரண்டாம் வகுப்பிலோ இன்டர்மீடியட்டிலோ தேறாதவர்க்கு இம்மூன்றிலும் இடமில்லை. தேறியவர்களுள் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் பயின்று 45 சதவீத மதிப்பெண் பெற்றோர் பட்டப் படிப்பில் சேரலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு இது 40 சதவீதம். ஜி.என்.எம். படிப்பிற்கு ஆங்கிலத்துடன் 40 சதவீதம் போதும். அறிவியல் பிரிவு விரும்பத்தக்கதே அன்றிக் கட்டாயமன்று. ஏ.என்.எம். பயிற்சியில் கலைப் பிரிவினரும் சேர இயலும்.

ஆகவே தோல்வி எத்தகையது என்பதை முதலில் பிரித்தறிதல் வேண்டும். பாடத்தில் தவறியவளுக்கு உடனடிப் பணி மறுதேர்வேயாகும். ஆந்திர மாநிலத்தில் துணைத் தேர்வு பெரும்பாலும் கோடைக்காலத்திலேயே நடைபெறுவதால் ஓராண்டு வீணாகாமலும் இருக்கலாம். பள்ளியை விட்டு நின்றவர்களுக்குத் திறந்தநிலைப் பள்ளி வழியும் உண்டு; ஆனால் பட்டப் படிப்பை நாடுவோர் அங்கும் அறிவியல் பாடங்களையே எடுத்திருத்தல் அவசியம். தேறியும் சதவீதம் குறைந்தவளுக்கு ஜி.என்.எம். வாயில் திறந்துள்ளது.

காலக் கணக்கு

ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்.சி. பயின்று பட்டதாரியாகலாம். மூன்றும் இரண்டும் ஐந்து. ஓராண்டு காத்திருந்து மறுதேர்வு எழுதி, நேரடியாகப் பட்டம் பெறுபவருக்கும் ஆவது ஐந்து ஆண்டுகளே. வேறுபாடு காலத்தில் இல்லை. இடைப்பட்ட நிலையில் உள்ளது. முன்னவர் மூன்றாம் ஆண்டின் முடிவிலேயே ஊதியம் ஈட்டத் தொடங்கலாம். பின்னவர் பட்டம் பெற்றபின், ஓராண்டுப் பணி அனுபவத்துடன் முதுநிலைப் படிப்பிற்குச் செல்லலாம். ஏ.என்.எம். வழியே தொடங்கிப் பட்டம் வரை செல்ல 7 ஆண்டுகள் ஆகும். எனினும் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் தாய்சேய் நலப் பணி ஆற்ற விரும்புபவருக்கு அது குறைவுடைய பாதையன்று.

தோல்வியின் காரணமும் ஆராயத்தக்கது. இயற்பியலில் இடர்ப்பட்டவருக்குச் செவிலியர் பாடத்திட்டத்தில் அஞ்ச வேண்டியது அதிகமில்லை. ஆங்கிலத்திலோ உயிரியலிலோ இடர்ப்பட்டவரோ முதலாண்டு உடற்கூறு, உடலியங்கியல் பாடங்களுக்கு இப்போதே ஆயத்தமாதல் நன்று. வகுப்புகள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. மருந்தின் அளவைத் தவறாகப் படிப்பது தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண், நோயாளியின் படுக்கையருகில் ஓர் உயிர்.

பதிவே அளவுகோல்

ஓராண்டுச் சான்றிதழ்களைக் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. மாநிலச் செவிலியர் மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் சட்டப்படி செவிலியர் ஆகார். கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்ப்பதற்கு முன், அந்நிறுவனத்திற்கு மன்றத்தின் அங்கீகாரம் உண்டா, தேர்வை நடத்துவது யார், பயிற்சிக்குரிய மருத்துவமனை எது என மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். நெல்லூர், திருப்பதி, சென்னை ஆகிய மூன்று திசைகளும் எட்டும் தொலைவில் உள்ள சூளூர்பேட்டையினர் மற்றொன்றையும் கருத வேண்டும்: இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும், எல்லை தாண்டிப் பயில்வோர் அவற்றை இழக்க நேரிடலாம்.

நாட்டின் தேவை

அண்மையிலுள்ள வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அங்கும் டில்லியிலும் பட்டப் படிப்பு தொடங்கிற்று. அதே ஆண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை செவிலியர் பற்றாக்குறையைச் சுட்டிக்காட்டியது. அடுத்த ஆண்டு இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் பிறந்தது. அதற்கு மாற்றாக 2023இல் தேசியச் செவிலியர் மற்றும் பேறுகால மருத்துவ ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. 2014க்குப் பின் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 புதிய செவிலியர் கல்லூரிகள் அமைப்பதாக 2023-24 வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, உலகில் 59 இலட்சம் செவிலியர்கள் குறைவாக உள்ளதாகக் கணித்தது.

இத்தகைய பற்றாக்குறை நிலவும்போது, ஒரு பாடத்தில் தவறியதற்காக ஒரு மாணவி துறையை விட்டே விலகுவது அவளுக்கு மட்டுமன்றி நாட்டிற்கும் இழப்பாகும். தேர்வு முடிவு வெளியாகும் வாரத்திலேயே கல்லூரி ஆசிரியர்களும் சுகாதாரத் துறை அலுவலர்களும் மாணவிகளையும் பெற்றோரையும் ஒருங்கே அழைத்து இவ்விவரங்களை எடுத்துரைத்தல் நலம். அதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. ஒரு மாலைப்பொழுதும், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ஒன்றும் போதும். தவறிய பாடத்தை மீண்டும் எழுத ஓர் ஆண்டு போதும்; தவறாகத் தேர்ந்த படிப்பைத் திருத்திக்கொள்ள அதனினும் நெடுங்காலம் ஆகும்.