புற்றுநோய் உயிரியலில் ஆய்வுப் பயிற்சி: திண்டுக்கல் தரும் சான்று

புற்றுநோய் உயிரியலில் முனைவர் பட்ட மாணவர் முதலில் எதைக் கற்க வேண்டும் என்பது துறைக்குள் தீராத வழக்கு. அந்த வழக்கே இவ்வுரையின் பொருள். செல் வளர்ப்பில் தொடங்குவதே முறை என்பது பெரும்பான்மைக் கட்சி. நோய் யாரிடம், எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பழகிய பிறகே செல்லைத் தொட வேண்டும் என்பது சிறுபான்மைக் கட்சி. இவ்வுரை சிறுபான்மையின் பக்கம்.

பெருகிக் கிடக்கும் ஆய்வேட்டின் உருவம் அவையோர் அறிந்ததே. ஒரு மூலிகை, அதன் சாறு, புனேயிலிருந்து வரவழைத்த ஹீலா செல். எம்.டி.டி. சோதனையில் ஊதா நிறம் குறைந்தால் செல் செத்தது என்று முடிவு. ஹீலா 1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் ஹெச்.பி.வி.-18 வைரஸின் மரபணுக்கள் குடிகொண்டிருக்கின்றன. அந்த வைரஸின் ஈ6 புரதம் பி53 புரதத்தைச் சிதைக்கிறது. சாறு பி53 வழியாகச் செல்லைக் கொன்றது என்று எழுதிய மாணவரிடம், ஈ6 என்னவாயிற்று என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் அவர் நெறியாளரின் முகத்தைப் பார்க்கிறார்.

அதே கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உலகம் மேற்கோள் காட்டும் சான்று ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையம் 1990களில் கிராமப்புற மக்களுக்கான புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. பதிவேடு என்றால் வந்த நோயாளியை எழுதி வைப்பதல்ல. மருத்துவமனை, நோய்க்குறியியல் ஆய்வகம், இறப்புப் பதிவு எனப் பணியாளர்களே தேடிப் போக வேண்டும். ஒரே ஊரில் நாலு மாரியம்மாள் இருப்பார்கள். மதுரையில் பதிவான மாரியம்மாளும் சென்னையில் பதிவானவரும் ஒருவரா, இருவரா என்பதை வயது, கணவர் பெயர், தெரு ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் தீர்க்க முடியும். தவறினால் நோய் இரட்டிக்கும், அல்லது பாதியாகும். இதை எழுத்தர் வேலை என்று ஒதுக்குவோர் துறையில் உண்டு. அது அளவியலின் முதல் பாடம்.

இந்தப் பதிவேடு இருந்ததால்தான் 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் பெரிய ஆய்வொன்று தொடங்க முடிந்தது. பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் அடையாறு புற்றுநோய் நிலையமும் அதில் பங்கேற்றன, ஆர். சங்கரநாராயணன் தலைமை தாங்கினார். 114 ஊர்த் தொகுதிகளில் பாதிக்குப் பரிசோதனை, பாதிக்கு வழக்கமான கவனிப்பு என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பரிசோதனைப் பிரிவில் 30 முதல் 59 வயது வரையான 49,311 பெண்கள். அவர்களில் 31,343 பேர் வந்தார்கள். பரிசோதனை எளியது. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மை தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்ப்பார்.

2007இல் லான்செட்டில் முடிவு வெளியாயிற்று. பரிசோதனைப் பிரிவில் 2,74,430 ஆள்-ஆண்டுகளில் 167 பேருக்குப் புற்றுநோய். மற்றதில் 1,78,781 ஆள்-ஆண்டுகளில் 158 பேருக்கு. மாணவரிடம் இந்த நான்கு எண்களைக் கொடுத்து வகுக்கச் சொல்ல வேண்டும். லட்சத்துக்கு ஏறத்தாழ 61, 88 என்று வரும். நோய் 31 விழுக்காடு குறைந்தது என்பார். அச்சிட்ட கட்டுரையோ 25 விழுக்காடு என்கிறது. இரு பிரிவுப் பெண்களின் அடிப்படை வேறுபாடுகளையும், ஓர் ஊர்ப் பெண்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதையும் கணக்கில் எடுத்தால் அவ்வளவுதான் மிஞ்சுகிறது. அந்த ஆறு விழுக்காட்டை விளக்கத் தெரிந்தவரே ஆய்வுப் பயிற்சி பெற்றவர். இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. மற்றப் பிரிவுப் பெண்களுக்குப் பரிசோதனை தராதது முறையா என்ற அறக்கேள்வி பின்னர் எழுந்தது; அதை விலக்கிவிட்டு இந்த ஆய்வைக் கற்பிக்கக் கூடாது.

எதிர்க்கட்சியின் வலுவான வாதம் ஒன்றுண்டு: வைரஸுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை ஹரால்ட் சூர் ஹவுசன் ஆய்வகத்தில்தானே கண்டார்? உண்மை. ஆனால் அவர் நோயாளிகளின் திசுக்களில் வைரஸைத் தேடினார், 1983இல் ஹெச்.பி.வி.-16 அவ்வாறே கிடைத்தது.

பாடத்திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் முனைவர் பட்டப் பாடப்பணிக்குக் குறைந்தது 12 மதிப்பலகுகள் கேட்கின்றன. அவற்றில் ஒரு பங்கைப் பதிவேட்டுப் பணிக்கு ஒதுக்கத் தடையில்லை.

இனி நடக்க வேண்டியவை பல. திண்டுக்கல்லின் புகையிலையையும் வாய்ப் புற்றுநோயையும் சேர்த்து ஆராயலாம். தோல் பதனிடும் தொழிலாளரின் குரோமிய வெளிப்பாட்டைப் பதிவேட்டோடு இணைக்கலாம். சேமித்த திசுக்களில் வைரஸ் வகைகளைப் பிரித்தறியலாம். ஆய்வகத்தார்க்கும் அதில் வேலையுண்டு. ஹெச்.பி.வி. தடுப்பூசிக்கு முந்தைய நோய்நிலையை இப்போதே அளந்து வைப்பதும் தேவை.